சர்க்கரை வந்த வீடு

தமிழில் சில வார்த்தைகளுக்கு நேர்ந்திருக்கும் கதியைப் பார்த்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் "சர்க்கரை" என்று சொன்னால் போதும், குழந்தைகள் ஓடி வரும். பொங்கல் பானை ஞாபகத்துக்கு வரும். நிச்சயதார்த்தத் தாம்பாளத்துக் கற்கண்டு கண்முன் நிற்கும். இப்போதோ, "அவருக்குச் சர்க்கரை" என்று யாராவது சொன்னால், கேட்பவர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடடா! எத்தனை நாளாக?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார்.

விசாரிப்பவருக்கே அது இருக்கலாம். அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்று அது கணக்குச் சொல்லிற்று. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வியாதியின் வாசற்படியில் நிற்கிறார்களாம். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்குக்குச் சற்று மேல். அதாவது ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் ஒருவர். யார் அந்த ஒருவர் என்று இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவராகக்கூட இருக்கலாம்!

வியாதி இருப்பது தெரிந்த அன்றைக்கே வீட்டுக்கு ஒரு டஜன் வைத்தியர்கள் வந்துவிடுகிறார்கள். எதிர்வீட்டு மாமி பாகற்காய்ச் சாறு என்கிறாள். அத்தை ஆவாரம்பூக் கஷாயம் என்கிறாள். வெண்டைக்காயை இரவில் தண்ணீரில் போட்டுக் காலையில் குடிக்கச் சொல்லி ஒருத்தர்; அரிசியையே கண்ணால் பார்க்காதே, சப்பாத்திக்கு மாறிவிடு என்று இன்னொருத்தர். "மாத்திரையை மட்டும் ஆரம்பித்துவிடாதே, அப்புறம் விடாது" என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கோஷ்டி கானம். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நிற்கும் குடும்பத் தலைவிக்குத் தலை சுற்றுகிறதென்றால், அதற்குச் சர்க்கரை காரணமே அல்ல.

அதிராம்பட்டினத்தில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்திக்கும் இப்படித்தான் ஆயிற்று. பெயர் வேண்டாம். ஊரை மட்டும் சொல்லுகிறேன். ஊரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே கடலைப் பார்த்துச் சுமார் 12 கிலோமீட்டர் போனால் அதிராம்பட்டினம். தஞ்சாவூர் ஜில்லா என்றதும் நமக்கு வயலும் வாய்க்காலுந்தான் நினைவுக்கு வரும். இங்கே வயல் முடிந்து உப்பளம் ஆரம்பிக்கிறது. அதற்கப்பால் அலை அதிகமில்லாத பாக் ஜலசந்திக் கடல். 2018-ஆம் வருஷத்துக் கஜா புயலில் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் பட்ட பாடு ஊரறியும். ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். காதிர் மொகிதீன் கல்லூரி 1955-லிருந்து இங்கே இருக்கிறது. ஆண்கள் பலர் கடல் கடந்து சம்பாதிக்கப் போயிருப்பதால், வீட்டு நிர்வாகம் முழுவதும் பெண்கள் கையில்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நெல் விளைகிற சீமையும் மீன் பிடிக்கிற கரையும் சேர்ந்த இடம், கேட்பானேன்! காலையில் இடியாப்பமோ, ஆப்பமோ. மத்தியானம் சோறு, மீன் ஆணம். சாயங்காலம் அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வாடா. நம்முடைய வடை இல்லை, வாடா. அந்தப் பக்கத்துக்கே உரிய பண்டம். ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்திருப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சிநேகிதிக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் வளைகுடாவில். வீட்டில் அவளுடைய தாயாரும் கல்யாண வயதில் ஒரு பெண்ணும். சென்ற வருஷம் ஒருநாள் மீன் ஆயும்போது கீழே விழுந்த முள் கால் பெருவிரலில் குத்திவிட்டது. மஞ்சளைக் குழைத்துப் போட்டாள். ஆறவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம்! இத்தனைக்கும் வலியும் அவ்வளவாக இல்லையாம். வலிக்கவில்லையே என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரோ அதைக் கேட்டுத்தான் கவலைப்பட்டார். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்ததில் சர்க்கரை 186. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையில் 8.9.

இந்த எண்களின் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடாத வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று வைத்திருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரியில் எல்லைக்கோடு 6.5. வெறும் வயிற்றில் நூறுக்கு மேல் போய் 126-ஐத் தொடாமல் இருந்தால், முன்பு சொன்னேனே, வாசற்படி, அதுதான்.

நாம் சாப்பிடும் சோறு கரைந்து குளுகோஸாகி ரத்தத்தில் சேருகிறது. அது தசைகளுக்குள் போனால்தான் உடம்புக்கு உபயோகம். கணையத்தில் சுரக்கும் இன்சுலின்தான் அதற்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். கடற்கரை ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உப்புக் காற்றில் கதவின் கீல் துருப்பிடித்து இறுகிவிடுகிறது அல்லவா? ஒரு கை தள்ளித் திறந்த கதவை நாலு கை சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது. நடுவயதில் வருகிற நீரிழிவில் நடப்பது அதுவே. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. சில வருஷங்களில் அதுவும் களைத்துப்போகிறது. உள்ளே போக முடியாத சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும், பாதத்தின் நரம்புகளையும் அரிக்கிறது. சிநேகிதியின் விரல் வலிக்காமல் போனதன் ரகசியம் இதுதான்.

வியாதி ஒன்றும் புதிதல்ல. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு இதற்கு "மதுமேகம்" என்று நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர்தான் வைக்க முடிந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, குழந்தைகளுக்கு இது வந்தால் பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதைத் தவிர மேல்நாட்டு டாக்டர்களுக்கும் வழி தெரியவில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரத்தில் லெனர்ட் தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். சாகக் கிடந்த பையன் பிழைத்தான். அதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவரான பிரெடரிக் பாண்டிங்கின் பிறந்த தினமான நவம்பர் 14-ஐத்தான் இப்போது உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அன்று குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுக்கிற நாள்! பொருத்தத்தைப் பாருங்கள்.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. இந்தியாவிலேயே நீரிழிவுக்கென்று முதன்முதலாகத் தனிப் பிரிவு 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏற்பட்டது. ஏற்படுத்தியவர் டாக்டர் எம். விசுவநாதன். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்காகவே ஆஸ்பத்திரியும் ஆரம்பித்தார். நீரிழிவுக்காரர் மாவுப் பண்டத்தையே தொடக்கூடாது, மாமிசமும் கொழுப்பும் சாப்பிடலாம் என்பது அந்நாளில் மேல்நாட்டிலிருந்து வந்த பத்தியம். சோறும் குழம்புமாக வளர்ந்த ஜனங்களிடம் போய் இதைச் சொன்னால் எத்தனை நாள் நடக்கும்? விசுவநாதன் வேறு விதமாக யோசித்தார். தானியம் இருக்கட்டும், ஆனால் கூடவே கீரையும் காயும் பருப்புமாக நார்ச்சத்து நிறைய இருக்கட்டும் என்றார். நோயாளியின் அடுப்படியை நினைத்துப் பார்த்துப் பத்தியம் எழுதிய டாக்டர் என்பதால், அவரிடம் எனக்குத் தனி மரியாதை.

* * *

சிநேகிதியிடம் வருகிறேன். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தவள் அதை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். தாயாரிடம் சொல்லவில்லை. பெண்ணிடம் சொல்லவில்லை. தினமும் தொலைபேசியில் பேசும் புருஷனிடமும் சொல்லவில்லை. ஏனென்றால், பெண்ணுக்கு அப்போதுதான் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, தாய்க்குச் சீனி இருக்குன்னு தெரிஞ்சா, மகளுக்கும் வரும்னு மாப்பிள்ளை வீட்டுல யோசிக்க மாட்டாங்களா? என்னால என் புள்ளைக்கு வந்த இடம் போயிடக் கூடாது" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. வியாதி பரம்பரையில் ஓடுகிறது என்பது வாஸ்தவந்தான். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் இதே காரணத்துக்காகவே மறைக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால்தானே அவள் இருபது வயதிலேயே தன் தட்டைக் கவனித்துக்கொள்வாள்? மேலும், மறைத்து வைத்த வியாதிக்குப் பத்தியம் இருக்க முடியாது. "ஏன் சோற்றைக் குறைத்தாய்?" என்று தாயார் கேட்டால் என்ன பதில் சொல்வது? "ஏன் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாய்?" என்று பெண் கேட்டால்? கேள்விக்குப் பயந்தே அவள் இரண்டு மாதம் பழையபடி சாப்பிட்டாள். புண் மட்டும் டாக்டர் கட்டுப்போட்டதில் மெல்ல ஆறிற்று.

கடைசியில் அவளுடைய தாயாரே கண்டுபிடித்துவிட்டார். அரிசி டின் காலியானால் அடியில் இருப்பது தெரியாமல் போகுமா? கிழவி கோபித்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் தாயார் அடுத்த முறை வந்தபோது, தேத்தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே, "என் மகளுக்குச் சீனி இருக்கும்மா. பின்னால தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாது" என்று போட்டு உடைத்துவிட்டார். சிநேகிதிக்கு மூச்சே நின்றுவிட்டது போலாயிற்று. வந்தவளோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இதுல சீனி போட்டிருக்கீங்களா? எனக்கும் ஏழு வருஷமா இருக்கு. சொல்லக் கூச்சமா இருந்துச்சு, குடிச்சிட்டேன்!" என்றாளாம்.

சம்பந்தம் முடிந்தது. ரகசியம் போனதும் பத்தியம் ஆரம்பமாயிற்று.

* * *

முதலில் சோறு. டெல்டாவில் வந்து சோற்றைக் குறை என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். ஆனாலும் சொல்லித்தான் தீர வேண்டும். இருபத்தொரு தேசங்களில் 1,32,373 பேரைப் பல வருஷம் கவனித்து, 2020-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். தினம் மூன்று கிண்ணம், அதாவது 450 கிராமுக்குக் குறையாமல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்துகிறவர்களைவிட நீரிழிவு அதிகமாக வந்தது. எல்லாத் தேசங்களையும்விடத் தெற்காசியாவில்தான் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. நம் வீடுகளில் மூன்று கிண்ணம் என்பது மத்தியானத்துக்கே காணாது. குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை பிசைகிறோமே!

பத்தியத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு இவற்றில் ஏதாவது. மீதிக் கால் பங்கில்தான் சோறு. காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். கடற்கரைக்காரர்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. பொரிக்காமல் ஆணமாக வைத்தால் நல்லது. தேங்காயை ஒரு மூடியிலிருந்து அரை மூடியாகக் குறைத்தாலும் ருசி ஓடிப்போய்விடாது. முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. அதை ஆய்வதற்குத்தான் நமக்குச் சோம்பல்.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், வேதாரணியம் பக்கத்து உவர் நிலத்தில் விளையும் குடவாழை என்று பாரம்பரிய நெல்லுக்கு இப்போது நல்ல மவுசு. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி இவற்றை ஊர் ஊராகப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018-ல் காலமானார். அவர் செய்த காரியம் பெரிது. தவிடு போகாத சிவப்பரிசி, பளபளவென்று தீட்டிய வெள்ளையரிசியைவிட மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் "சம்பா அரிசிதானே" என்று இரண்டு கரண்டி அதிகம் போட்டுக்கொண்டால் லாபம் அதோடு போயிற்று. கேழ்வரகுக் களிக்கும், கோதுமைச் சப்பாத்திக்கும் இதே விதிதான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று நிறத்தை மாற்றி நாக்கை ஏமாற்றலாம். ரத்தத்தை ஏமாற்ற முடியாது.

தேத்தண்ணீரைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு இரண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்று வைத்தால் நாளைக்கு நாற்பது கிராம்; மாதத்துக்கு ஒரு கிலோ இருநூறு கிராம்! ஒருத்தி மட்டும், தண்ணீரில் கரைத்துக் குடித்த சீனி இது. சிநேகிதி இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, சீனிப் பொட்டலத்தைத் தராசில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னாள். முதல் வாரத்தில் அரை ஸ்பூன் குறைத்தாள், அடுத்த வாரம் இன்னும் அரை. இப்போது சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்தால் அவளுக்குக் குமட்டுகிறதாம். நாக்கு அவ்வளவு சீக்கிரம் கட்சி மாறும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

இனி, எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத ஒரு விஷயம். நம் வீடுகளில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மத்தியானம் இரண்டரை மணிக்கு, இரவு பத்தரை மணிக்குச் சாப்பிடுகிறவள் யார்? பானையில் மிஞ்சிய சோறு, குழந்தை மிச்சம் வைத்த தோசை, நாளைக்குக் கெட்டுவிடும் என்ற பாயசம், இதெல்லாம் யார் வயிற்றுக்குள் போகிறது? வீணாக்கக் கூடாது என்பது நல்ல குணந்தான். அதற்காகக் குடும்பத் தலைவியின் வயிற்றைக் குப்பைத்தொட்டியாக வைத்துக்கொள்ள வேண்டுமா? கால் படி அரிசி குறைத்து உலையில் போட்டால் மிச்சமே இராது. எட்டு மணிக்குப் பெண்ணோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்று சிநேகிதி ஏற்படுத்திக்கொண்ட வழக்கந்தான், அவளுடைய பத்தியத்தில் மிகவும் கஷ்டமான பகுதியாக இருந்ததாம். பசியினாலல்ல, கூச்சத்தினால்.

கல்யாண வீட்டில் வேறு விதச் சங்கடம். அங்கே சஹன் சாப்பாடு. பெரிய தாலத்தில் சோற்றை வைத்து மூன்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அன்பான வழக்கம், அளவுக்கு மட்டும் எதிரி! யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிநேகிதி இதற்கும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். வீட்டிலேயே ஒரு கிண்ணம் சுண்டலும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். தன் பக்கத்துச் சோற்றில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, அதற்கப்பால் கை போவதில்லை. பக்கத்திலிருப்பவர்கள் இறைச்சியை நகர்த்தி வைத்தால் வாங்கிக்கொள்கிறாள். சோற்றை நகர்த்தினால் திருப்பி நகர்த்துகிறாள்.

* * *

அடுத்தது நடை. "நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, போதாதா?" என்று நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் கேட்பார்கள். அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணறு இருந்த காலத்தில் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். மூச்சு சற்று வேகமாக வாங்கும்படி ஒரே மூச்சில் நடப்பது வேறு. அடுப்புக்கும் கூடத்துக்கும் நடப்பது வேறு. வேலை செய்கிற தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாரத்தில் 150 நிமிஷம் போதும். சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் நடந்தாலும் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு அத்தாட்சி தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர்களானார்கள். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேர்தான். விசேஷம் என்னவென்றால், இவர்களுடைய எடை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை; எடை குறையாமலே பலன் கிடைத்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான் என்பதையும் கவனித்து வைத்தேன். ஆராய்ச்சிக்கு வருவதற்குக்கூட நமக்கு ஓய்வு கிடைப்பதில்லை போலிருக்கிறது!

அதிராம்பட்டினத்தில் பெண்கள் வீதியில் கை வீசி நடந்து பழக்கமில்லை. சிநேகிதி மொட்டை மாடியைத் தேர்ந்தெடுத்தாள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அரை மணி. முதல் நாள் அவள் மட்டும். ஒரு மாதத்தில் பக்கத்து மாடியில் ஒருத்தி. இப்போது மூன்று மாடிகளில் நாலு பேர் நடக்கிறார்கள். சுவருக்குச் சுவர் பேச்சும் நடக்கிறது. நடையைவிடப் பேச்சுத்தான் அதிகம் என்பது என் சந்தேகம். ஆனாலும் ஒருத்தியும் ஒருநாள் தவறுவதில்லை.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. 2017-ல் பிரிட்டனில் வெளியான ஒரு பரிசோதனையில், வியாதி வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், டாக்டர்களின் மேற்பார்வையில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடையை நன்றாகக் குறைத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரு வருஷ முடிவில் மாத்திரையில்லாமலே கட்டுக்குள் இருந்தார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் அவர்கள் குண்டானவர்கள். நம் ஊரில் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. நிறுத்துவதும் குறைப்பதும் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது. பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டியதல்ல.

* * *

சிநேகிதிக்கு உண்மையான சோதனை ரமலான் மாதத்தில் வந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பு விடாதவள். நோயாளிகளுக்கு மார்க்கத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் ஊரெல்லாம் நோன்பிருக்கையில் தான் மட்டும் சாப்பிடுவதை நினைத்தாலே அவளுக்குக் கண் கலங்கிற்று. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகவே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்பது இதற்கென்று நிபுணர்கள் வகுத்திருக்கும் முறை. அப்படியே போனாள். அவள் சாப்பிடுவது மெட்பார்மின் என்ற மாத்திரை. அது தனியாகச் சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்துவது அபூர்வம். வேளையை மட்டும் மாற்றிக்கொடுத்து அனுமதித்தார். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் வேறு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு விஷயம் அவ்வளவு சுலபமல்ல. அவர்கள் கட்டாயம் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். சிலர் நோன்பிருக்கவே கூடாது.

விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அவள் பயந்தாள். முறியாது என்று மார்க்க அறிஞர்களும் சொல்லுகிறார்கள், நிபுணர்களும் எழுதியிருக்கிறார்கள். அளவு 70-க்குக் கீழே போனாலோ, 300-ஐத் தாண்டினாலோ நேரம் பார்க்காமல் நோன்பைத் திறந்துவிட வேண்டும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், இவை சர்க்கரை தாழ்வதற்கு அடையாளம். ஏகாதசியும் சஷ்டியும் இருக்கிற நம் வீட்டுப் பெரியவர்களும் இந்த அடையாளங்களைத் தெரிந்துகொண்டால் நல்லது.

சஹர் வேளையைத் தவறவிடாமல், கடைசி நேரத்தில், பருப்பும் முட்டையும் காயுமாகச் சாப்பிட்டாள். மாலையில் ஒரு பேரீச்சம்பழம், நிறையத் தண்ணீர், நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம். சர்பத் கிடையாது. வாடா? "ஒண்ணே ஒண்ணு, அக்கா. அதுவும் நாள் விட்டு நாள்" என்றாள். டாக்டர் இதை ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. முப்பது நாளில் ஒரே ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு 66 காட்டிற்று. அழுதுகொண்டே நோன்பைத் திறந்தாள். பின்னால் ஒரு நாள் அதை நிறைவேற்றிக்கொண்டாள்.

பத்தியம் தொடங்கி ஆறு மாதமானபோது மூன்று மாதச் சராசரி 6.8-க்கு இறங்கியிருந்தது, எடை நாலு கிலோ குறைந்திருந்தது. மாத்திரை தொடர்கிறது. அதில் அவளுக்கு இப்போது கூச்சமில்லை. தமிழ்நாடு அரசு 2021-ல் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்தே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போக ஆளில்லை என்ற சாக்கும் குறைந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் விழித்திரையையும், சிறுநீரகத்தையும் பார்த்துவிட வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. பார்வை மங்கத் தொடங்குவதற்குள் உள்ளே பாதி சேதம் நடந்துவிட்டிருக்கும். ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். மீன் ஆயும்போது ரப்பர்ச் செருப்பு!

பெண்ணின் கல்யாணம் முடிந்து, இப்போது நாலு மாதம். ஆஸ்பத்திரியில் 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு 140-ஐத் தொட்டால் உடனே கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்ற இந்த எளிய முறையைப் பரப்பியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா, அவருடைய பிறந்த தினமான மார்ச் 10-ஐ இதற்கென்று தேசிய விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்கு 118 வந்தது. ஆறாம் மாதத்திலும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்பவள், மாப்பிள்ளையின் தாயார்.